ஊம் கொட்டிப் பார்க்கும் பேச்சுகள்

பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நிற்கிற கோட்டை 1974இல் தமிழக அரசு கட்டியது. கட்டபொம்மன் ஆண்ட கோட்டையும், அவருக்குப் பின் தம்பி ஊமைத்துரை அவசரமாக எழுப்பிய கோட்டையும் 1801ஆம் ஆண்டோடு மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஆனால் நினைவுக் கோட்டை எழும்புவதற்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே கட்டபொம்மன் ஊருக்குள் திரும்ப வந்துவிட்டார். 1959இல் பி.ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வெளியானது. சிவாஜி கணேசன் பேசிய வசனம் இசைத்தட்டிலும் ஏறியது. அதற்குப் பிறகு கரிசல் காட்டில் கல்யாணமோ காதுகுத்தோ கோயில் கொடையோ, ரேடியோ செட் கட்டினால் பாட்டுக்கு நடுவே ஜாக்சன் துரையோடு நடக்கும் வாக்குவாதமும் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தை ஏற்ற இறக்கம் பிசகாமல் ஒப்பித்தார்கள். கரியால் மீசை வரைந்த ஒரு பையன் அதைப் பேசாமல் பள்ளிக்கூட ஆண்டு விழா முடிந்ததில்லை.

அந்த வசனத்தில் சரித்திரம் எவ்வளவு, நாடகம் எவ்வளவு என்பது வரலாற்று ஆய்வாளர்களின் பாடு. பதிவு செய்த ஒரு பேச்சை ஊரே சேர்ந்து கேட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தாத்தா ஒரு வரியை முந்திச் சொல்வார், பேரன் அடுத்த வரியைப் பிடிப்பான். படத்துக்கு முன்பும் இப்படித்தான். கட்டபொம்மு கதைப்பாடலை நாட்டார் பாடகர்கள் பாடி வந்தார்கள், பின்னாளில் நா. வானமாமலை அதைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். சாத்தூர் பிச்சைக்குட்டியின் வில்லுப்பாட்டுக்கு விடிய விடியக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போட ஓர் ஆள் தனியாகவே உண்டு. வீட்டில் பாட்டி கதை சொன்னாலும் பிள்ளைகள் ஊம் கொட்ட வேண்டும். ஊம் நின்றால் கதையும் நிற்கும்.

இன்று பேச்சுக்குப் பஞ்சமில்லை. யூடியூபைத் திறந்தால் உலகத்திலுள்ள நல்ல பேச்சாளர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ஊம் கொட்டத்தான் ஆளில்லை. வீட்டில் ஆளுக்கொரு ஃபோன், காதில் ஹெட்செட். அப்பாவுக்கு அரசியல் மேடை, அம்மாவுக்கு ஆன்மிகச் சொற்பொழிவு, மகனுக்கு முப்பது விநாடியில் வாழ்க்கையை மாற்றிவிடும் தன்னம்பிக்கைத் துணுக்கு. பின்னால் வயலின் இழைய, ஒருவர் விரலை நீட்டி ‘உன்னால் முடியும்’ என்கிறார். என்ன முடியும், எப்படி முடியும், யார் செய்தார்கள், எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டால் துணுக்கில் பதில் கிடையாது. இரண்டு நாளில் அது மறந்தும் போகும்.

குடும்பமாக உட்கார்ந்து பார்க்கத் தகுந்த பேச்சு வேறு ரகம். பேசுகிறவர் ஒரு வேலையைச் செய்தவராக இருக்க வேண்டும். அந்த வேலை எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். கேட்கிற வீட்டாருக்கும் பதிலுக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால், கோவில்பட்டி வட்டாரத்துக் குடும்பம் ஒன்று நியூயார்க்கிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டியதில்லை. எட்டயபுரத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் 1918 அக்டோபர் 1 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. உலகம் ‘டாக்டர் வி’ என்று அழைத்த அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர். பள்ளிக்கூடத்தில் தாளும் பென்சிலும் இல்லாத காலம். ஆற்று மணலைப் பரப்பி அதில் எழுதிப் படித்தார்கள். உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்து, பிரசவ டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தார். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. கை விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவம் கைவிட்டுப் போனது. நிற்கவே சிரமப்பட்டவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களுக்குள் அடங்கும்படி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார்.

அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். அந்த வயதில் மற்றவர்கள் பென்ஷன் புத்தகத்தைப் பத்திரப்படுத்துவார்கள். அவர் 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

இந்தக் கதையைக் கேட்க நல்ல வழி, துளசிராஜ் ரவில்லாவின் டெட் (TED) மாநாட்டு உரை. அரவிந்தின் நிர்வாகத்தைப் பல ஆண்டுகள் கவனித்தவர் அவர். 2009 நவம்பரில் மைசூரில் நடந்த டெட் இந்தியா மாநாட்டில் பேசினார். மேடையில் ஆர்ப்பாட்டம் கிடையாது. கணக்குப்பிள்ளை கணக்கு ஒப்பிப்பது போல நிதானமாகப் பேசுகிறார். நடுவில் ஒரு சிறு படத்துண்டு வருகிறது. அதில் டாக்டர் வியே தோன்றி, மெக்டொனால்ட்ஸ் கடையைப் பற்றிப் பேசுகிறார். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் அந்தக் கடைக்காரர்கள் ஒரே பண்டத்தை ஒரே மாதிரி செய்து தருகிறார்கள் அல்லவா. கண் சிகிச்சையை ஏன் அப்படித் தர முடியாது என்பது அவருடைய கேள்வி. கேட்ட அமெரிக்க நண்பர்களுக்கே அப்போது ஒன்றும் புரியவில்லையாம்.

அந்தக் கேள்வி எங்கே போய் நின்றது என்பதில்தான் பேச்சின் சாரம் இருக்கிறது. ஓர் அறையில் இரண்டு மேசை. ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைத் தயார் செய்துவிடுவார்கள். டாக்டர் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் திரும்பினால் போதும், காத்திருக்கும் நேரம் மிச்சம். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கும் பணம், கொடுக்க முடியாதவரின் செலவையும் சேர்த்துத் தாங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸ் நூறு டாலர் அளவுக்கு விற்றபோது, 1992இல் ஆரோலேப் என்ற தங்கள் சொந்தத் தொழிற்கூடத்தில் அதைச் செய்யத் தொடங்கி, விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். கரிசல் காட்டில் கண்புரை அறுவை செய்துகொண்ட தாத்தாவோ ஆச்சியோ இல்லாத குடும்பம் குறைவு. அந்த ஆச்சியை, தெலுங்கு பேசும் வீடானால் அவ்வாவை, பக்கத்தில் உட்காரவைத்து இதைப் பார்த்தால், திரையில் ஓடுவது யாரோ ஒருவரின் சாதனையாக இருக்காது. அவருடைய கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் வரலாறாக இருக்கும். ‘எனக்கு ஆப்ரேசன் பண்ணுனப்ப...’ என்று அவர் ஆரம்பித்தால் வீடியோவை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேட்பதுதான் முறை. உரை பிடித்துப்போனால், பவித்ரா மேத்தா எடுத்த ‘இன்ஃபினிட் விஷன்’ என்ற ஆவணப்படத்தையும் தேடிப் பார்க்கலாம். டாக்டர் வி 2006இல் காலமானார். அவரது நடை, கை, குரல் எல்லாம் அதில் இருக்கின்றன.

கயத்தாறு பக்கம் போகிறவர்களுக்குக் காற்றாலைகள் பழகிய காட்சி. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர், இன்று காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசு நிலையம் இருக்கும் ஊர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது வில்லியம் கம்குவாம்பாவின் பேச்சு. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக்காரர். 2001-02இல் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு. கட்டணம் கட்ட வழியில்லாமல் பள்ளிக்கூடம் நின்றுபோனது. நூலகத்தில் ஆற்றலைப் பற்றிய ஒரு பாடப்புத்தகம் கையில் கிடைத்தது. ஆங்கிலம் சரியாகத் தெரியாது. படங்களைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டார். டிராக்டர் விசிறி, பழைய சைக்கிள், பிளாஸ்டிக் குழாய் என்று குப்பையில் கிடந்ததைப் பொறுக்கி, பதினான்கு வயதில் ஒரு காற்றாலையைக் கட்டி வீட்டில் விளக்கெரித்தார்.

2007இல் தான்சானியாவின் அருஷா நகரில் முதல்முறை மேடையேறியபோது பயத்தில் நாலு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் முழுக் கதையையும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சு ஆறு நிமிடம்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால் முதலாவது இன்னும் முக்கியம். சொற்கள் எளிமையானவை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சிரமமில்லாமல் பின்தொடரலாம். பையன்கள் சைக்கிள் டைனமோவைக் கழற்ற ஆரம்பித்தால் அதட்டாமல் இருப்பது பெரியவர்களின் பொறுப்பு.

எல்லாரும் தலையாட்டும் பேச்சை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் சலித்துவிடும். வீட்டுக்குள் சண்டை மூட்டுகிற பேச்சும் வேண்டும். அதற்கு நம்மாழ்வாரை மிஞ்ச ஆளில்லை. வெள்ளைத் தாடி, பச்சைத் துண்டு, கையில் தாள் ஒன்றும் இல்லாமல் மணிக்கணக்கில் பேசுவார். நடுவில் பாட்டு, கிண்டல், பழமொழி. தஞ்சை மாவட்டத்துக்காரரான அவருக்கும் கோவில்பட்டிக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. வேளாண்மை படித்துவிட்டு 1963இல் அவர் வேலைக்குச் சேர்ந்தது கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில்தான். மானாவாரி விவசாயி வானத்தைப் பார்த்து விதைக்கிறான். நிலையத்திலோ அவனால் வாங்கிப் போட முடியாத உரத்தையும் மருந்தையும் வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. இதனால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி அவரை அரித்தது. 1969இல் வேலையை விட்டார். பிறகு களக்காட்டில் ‘அமைதித் தீவு’ அமைப்பில் விவசாயிகளோடு வேலை செய்தார். பின்னாளில் கரூர் மாவட்டம் கடவூரில் வானகத்தை உருவாக்கினார். 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார்.

அவர் உரைகள் யூடியூபில் ஏராளம். எங்கே தொடங்குவது என்று குழம்பினால், அவர் தன் கோவில்பட்டி நாட்களைச் சொல்லும் பகுதி வருகிற உரையாகத் தேடிப் பிடிக்கலாம். கேட்டு முடிந்ததும் பேரன் நெஞ்சு நிமிர்த்தி ‘பாத்தீங்களா தாத்தா, உரமே வேண்டாமாம்’ என்பான். மக்காச்சோளம் போட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் தாத்தா சும்மா விடுவாரா? 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோது என்ன பாடு பட்டோம் என்று அவர் பக்கத்துக் கணக்கை எடுத்து வைப்பார். அந்தக் காலத்தில் கம்பும் குதிரைவாலியும் நாட்டுப் பருத்தியும் போட்டதும் அவர்தான், அதை விட்டதும் அவர்தான். ஏன் விட்டார் என்பது எந்த உரையிலும் இல்லாத பாடம். உணவு, நோய் பற்றிப் பேசும் உரைகளில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். சிறுதானியம் நல்லதுதான், அதற்காக டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் தள்ளிவைக்க வேண்டியது.

தண்ணீரைப் பற்றி ஒரு ஜோடிப் பேச்சு. முதலாவது அனுபம் மிஸ்ராவுடையது; அதே 2009 டெட் இந்தியா மேடை. காந்தியவாதி, கதராடை, இந்தி வாடை வீசும் ஆங்கிலம். ஆண்டுக்கு 20 செ.மீ. அளவே மழை பார்க்கும் ஜெய்சல்மேர் போன்ற பாலை ஊர்களில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று படம் போட்டுக் காட்டுகிறார். கூரையில் விழும் துளியிலிருந்து கோட்டைக்குள் தேங்கும் லட்சக்கணக்கான கேலன்கள் வரை எல்லாம் ஒரு சொட்டு வீணாகாமல். ஜெய்ப்பூரின் ஜெய்கர் கோட்டையும் வருகிறது. (கட்டபொம்மன் படத்தின் கோட்டைக் காட்சிகளுக்குப் பந்துலு போனதும் ஜெய்ப்பூருக்குத்தான், பாஞ்சாலங்குறிச்சியில் எடுக்கக் கோட்டை ஏது?) தூத்துக்குடி மாவட்டம் சராசரியாக அறுபது செ.மீ.க்கு மேல் மழை பெறுகிறது. ஜெய்சல்மேரைப்போல் மூன்று மடங்கு. அப்படியிருந்தும் கோடையில் ஏன் குடம் வரிசையில் நிற்கிறது?

அந்தக் கேள்விக்கு உள்ளூர் பதில் சோ. தர்மனிடம் இருக்கிறது. உருளைகுடியில் பிறந்து கோவில்பட்டியில் வாழும் நாவலாசிரியர். தன் ஊர்க் கண்மாயின் கதையைச் சொல்லும் ‘சூல்’ நாவலுக்காக 2019இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அவர் மேடையில் பேசினால் இலக்கியக் கூட்டம் ஊர்க் கூட்டம் போல ஆகிவிடும். மடை, மடைக்குடும்பன், கரையில் நிற்கும் மரம், தூர் வாருதல், மீன் பிடிப்பு என்று கண்மாயை ஓர் உயிருள்ள ஆள் போலப் பேசுவார். அவருடைய பேச்சுகள் பல ஸ்ருதி டிவி என்ற யூடியூப் அலைவரிசையில் கிடைக்கின்றன. தமிழ்நாட்டின் இலக்கியக் கூட்டங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்து இலவசமாக வைத்திருப்பவர்கள் அவர்கள். கூட்டத்தை முழுதாகப் பதிவு செய்திருக்கும் வீடியோ என்றால் வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் அப்படியே இருக்கும். குடும்பத்துக்குப் போடும்போது அதையெல்லாம் தாராளமாகத் தாண்டிப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பேச்சு முடிந்த மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊர்க் கண்மாய்க் கரையில் நடந்து, மடை எங்கே, வரத்துக்கால் எங்கே, சீமைக்கருவேலம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவரலாம்.

கி. ராஜநாராயணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். இடைசெவல்காரர். சின்ன வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டவர். 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதமி விருது வந்தது. புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. 2021 மே 17 அன்று புதுச்சேரியில் மறைந்து, அரசு மரியாதையோடு இடைசெவல் மண்ணுக்கே திரும்பினார். கோவில்பட்டியில் அவருக்கு அரசு நினைவரங்கம் இருக்கிறது.

அவரது பேச்சுப் பதிவுகளில் ‘ஊக்கம்’ என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. மேடை முழக்கம் வராது. திண்ணையில் காலை மடக்கி உட்கார்ந்த ஒரு சம்சாரி வெற்றிலைப் பேச்சு பேசுவது போல இருக்கும். புலம்பெயர்ந்து வந்த முன்னோர் கதை, விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டு, கரிசலில் ஒரு மழை எப்படி வரும் என்பது, அதே ஊர்க்காரரான கு. அழகிரிசாமியோடு சேர்ந்து புத்தகம் படித்த நாட்கள். கோவில்பட்டி வட்டாரப் பேச்சைப் பள்ளியில் பேசத் தயங்குகிற பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும். அவர்கள் வீட்டில் பேசும் அதே மொழியில் ஒருவர் பேசுகிறார், எதிரே பேராசிரியர்கள் குறிப்பெடுக்கிறார்கள். கெட்ட வார்த்தைக் கதைகளைத் தொகுத்தவரும் அவரே. ஆகவே சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் பெரியவர்கள் முன்கூட்டி ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

அப்துல் கலாமை விட்டுவிட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். அவர் பெயரில் உலவும் வாசகங்களில் பல அவர் சொன்னதே இல்லை. ஃபோனில் வரும் படங்களை ஒதுக்கிவிட்டு, 2007 ஏப்ரல் 25 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரையை முழுதாகப் பார்ப்பது மேல். கணியன் பூங்குன்றனைத் தமிழிலேயே சொல்லிப் பிறகு விளக்குகிறார். பல நாட்டு உறுப்பினர்கள் காதில் மொழிபெயர்ப்புக் கருவியோடு கேட்கிறார்கள்.

இனி, வீட்டில் எப்படிப் போடுவது? டெட் உரைகளுக்கு ஒரு வசதி உண்டு. 1984இல் தொடங்கிய அந்த மாநாடு, 2006இலிருந்து தன் உரைகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பேச்சாளருக்கு அதிகபட்சம் பதினெட்டு நிமிடம் என்பது அங்கே சட்டம். சீரியலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அடங்கிவிடும். 2009 முதல் தன்னார்வலர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் எழுத்தோட்டம் (சப்டைட்டில்) சேர்த்து வருகிறார்கள். தமிழும் அதில் உண்டு, எல்லா உரைக்கும் இல்லை. இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. இரண்டு நிமிடத்துக்கொரு முறை நிறுத்தி, பத்தாவது படிக்கும் பெண் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். அவள் தடுமாறுகிற இடத்தில் அண்ணன் புகுவான், இரண்டு பேரும் சொன்னது தப்பென்று அப்பா ஆரம்பிப்பார். எழுத்தோட்டத்தைவிட இது மெதுவானது, கலகலப்பானது.

2006க்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியே இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. அதில் ஃபோனை இணைப்பது சுலபமில்லை. புது டிவி உள்ள வீட்டில் பக்கத்து வீட்டாரும் சேர்ந்துகொள்ளலாம். கோடைதான் இதற்குத் தோதான காலம். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு நடக்கும்போது யாருக்கும் உட்கார நேரமிருக்காது. அறுவடை முடிந்து சித்திரை, வைகாசியில் காடு வெறிச்சென்று கிடக்கும்போது, பிள்ளைகளுக்கும் லீவு. வாரத்துக்கு ஒன்று போதும். இந்த வாரம் அம்மா தேர்ந்தெடுத்தால் அடுத்த வாரம் மகன். அவன் ஹாக்கி வீரர் ஒருவரின் பேட்டியைப் போட்டாலும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில் அதற்கு ஆட்சேபம் எழ நியாயமில்லை. கொறிக்கக் கடலை மிட்டாய்க்கும் ஊரில் குறைவில்லை.

ஒரு வாக்கியத்தை மட்டும் பெற்றோர் வாயில் பூட்டுப் போட்டு வைக்க வேண்டும்: ‘பாத்தியா, அந்தப் பையன் எப்படி முன்னுக்கு வந்திருக்கான், நீயும் இருக்கியே!’ அடுத்த வாரம் அந்தப் பிள்ளை கூடத்துக்கு வராது. கம்குவாம்பாவின் பேச்சு கம்குவாம்பாவைப் பற்றியது.

கடைசியாக, சேர்ந்து பார்க்கக் கொஞ்சம் துணிச்சல் வேண்டிய இரண்டு பேச்சுகள். முதலாவது கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 2012இல் டெட் மேடையில் பேசியது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட வெல்டர். மனைவி மாதவிலக்குக்குப் பழந்துணியை ஒளித்துவைப்பதைப் பார்த்து, மலிவு விலையில் நாப்கின் செய்யப் புறப்பட்டவர். சோதித்துப் பார்க்கப் பெண்கள் யாரும் முன்வராததால், ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு சைக்கிளில் சுற்றினார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது, மனைவி பிரிந்துபோனார், தாயும் போனார். பிறகு இயந்திரமும் வந்தது, மனைவியும் திரும்பி வந்தார், 2016இல் பத்மஸ்ரீயும் வந்தது. இலக்கணம் பார்க்காத கோவை ஆங்கிலத்தில் அவர் பேசப் பேசச் சபை சிரித்துக்கொண்டே இருக்கிறது. மகளும் அப்பாவும் ஒரே பாயில் உட்கார்ந்து இதைப் பார்ப்பது முதல் இரண்டு நிமிடம் சங்கடமாக இருக்கும். சிரிக்க ஆரம்பித்த பிறகு சங்கடம் போய்விடும். மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வெளியே தனியே படுத்த காலத்தைப் பாட்டி சொல்ல ஆரம்பிக்கலாம்.

இரண்டாவது கைலாஷ் சத்யார்த்தி 2015இல் பேசியது. முந்தைய வருஷம்தான் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்திருந்தது. குழந்தைத் தொழிலாளர்களை மீட்ட அனுபவத்தோடு கோபத்தைப் பற்றிப் பேசுகிறார். முதல் நாள் பள்ளிக்குப் போனபோது வாசலில் தன் வயதுப் பையன் செருப்புத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தது அவருடைய தொடக்கம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்கு இது எங்கோ வடக்கில் நடந்த கதை இல்லை. விடியுமுன் வண்டி வந்து கிராமத்துப் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு ஏற்றிப்போன காலம் உண்டு; சிவகாசிச் சிறுவர்களைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத நேர்ந்தது. இன்று நாற்பதைத் தாண்டிய பல அம்மாக்களுக்கு அந்த மருந்து வாசம் விரல்களில் நினைவிருக்கும்.

அந்தப் பேச்சில் ஒரு சம்பவம். 1969, காந்தி நூற்றாண்டு. பதினைந்து வயது சத்யார்த்தி, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைச் சமைக்கவைத்து, தீண்டாமைக்கு எதிராக மேடையில் முழங்கிய ஊர்ப் பெரியவர்களைச் சாப்பிட அழைக்கிறார். வருகிறேன் என்று சொன்னவர்களில் ஒருவரும் வரவில்லை. பரிகாரம் செய்ய மறுத்ததால் சொந்த வீட்டிலேயே அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அடுக்களைக்குள் நுழையத் தடை. அதன் பிறகு சாதிப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘சத்யார்த்தி’ ஆனார். இந்த இடத்தில் வீடியோவை நிறுத்தினால், நம் ஊர் டீக்கடையில் தனி கிளாஸ் இருந்ததா, எப்போது போனது, போய்விட்டதா என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். கேட்டால் பதில் சொல்ல வேண்டியது திரையில் இருப்பவர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்.